தொப்பியில் நின்ற தண்ணீர்

முயல் மயிரை அழுத்திச் செய்த தொப்பி.
நாற்பதாம் பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கியது.
கடைக்காரி லிபுஷே
டேப்பால் தலையைச் சுற்றி அளந்து
‘ஐம்பத்தொன்பது, பெரிய மண்டை’ என்றாள்.
தோல் ஜாக்கெட் முன்பே இருந்தது.
ஓஸ்ட்ராவாவின் பிப்ரவரியை
வேறெதைப் போட்டுத் தாங்குவது?

தனித்தனியாக இருந்தவரை ஒரு வம்பும் இல்லை.
சேர்த்துப் போட்டதுதான் குற்றம்.

எட்டாம் எண் டிராமில் முதல் நாளே
ஒரு பையன் வாயால் டமாரம் அடித்தான்.
ரொட்டிக் கடையில்,
‘புதையல் கிடைத்ததா சார்?’
பட்டறையில் க்வெடோஸ்லாவ்
நான் நுழையும்போதெல்லாம்
விளக்கை அணைத்துவிட்டு
‘படம் ஆரம்பம்’ என்பான்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
பள்ளத்தில் இறங்கி எண்ணெய் துடைப்பவன்.
எந்தத் திரையில், எந்த நாயகன்,
பத்து மாடிக் கட்டடத்தில்
‘இயங்காது’ அட்டையை மாட்டிவிட்டு
படிக்கட்டில் உட்கார்ந்து
வெங்காய ரொட்டி தின்றிருக்கிறான்?

ஆனாலும் முயன்றேன்.
விளிம்பை முன்னால் மேலே மடித்தேன்: கோமாளி.
கீழே இறக்கினேன்: கொலைகாரன்.
பழுப்பு ஜாக்கெட்டுக்குக் கறுப்புச் சாயம் பூசினேன்,
சட்டைக் காலர் கறுத்ததுதான் மிச்சம்.
கண்ணாடி முன் வெகுநேரம் நின்றதில்
தாடைதான் தவறு என்று தோன்றியது.
தொப்பி ஏறியதும் அது தானாக
அரை அங்குலம் முன்னே வருகிறது.
நடையும் அப்படித்தான்,
எனக்குத் தெரியாமல் மெதுவாகிவிடுகிறது
யாரோ பின்னால் காமிரா தூக்கி வருவதுபோல.
பார்ப்பவர்களைச் சொல்லி என்ன?
டமாரம் முதலில்
எனக்குள்ளேதான் அடித்திருக்கும்.

டிசம்பர் இருபத்து மூன்று. விடுமுறை.
பொரூபா குடியிருப்பில்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு பெண்ணாம்.
போட்டிருந்ததோடு ஓடினேன்.

ஏழாம் மாடிக் கதவைத் திறந்து
குப்புறப் படுத்தேன்.
என் முழங்கையருகே அவள் முகம்.
பெயர் துய், மூலையில் மளிகைக் கடை.
‘என்னை அப்புறம் எடுங்கள்,
பை ஓட்டை’ என்றாள்.

பையில் உயிரோடு ஒரு கெண்டை.
நாளை இரவின் விருந்து.
இப்போது வற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரை
வாயால் தேடித் திரிந்தது.

யோசித்ததாக ஞாபகமில்லை.
தொப்பியை மல்லாத்தி நீட்டினேன்.
மிச்சத் தண்ணீரோடு அவள் சரித்தாள்.
தலை உள்ளே, வால் வெளியே.
முயல் மயிர் ஒரு சொட்டும் விடவில்லை.
லிபுஷே இதைச் சொல்லி
இன்னும் கொஞ்சம் விலை கூட்டியிருக்கலாம்.

அவளைத் தூக்கியெடுத்த பிறகு
ஒன்பதாம் மாடிவரை படியேறினோம்.
வழியெல்லாம் வால்
என் மார்பில் அறைந்துகொண்டே வந்தது.
கதவைத் திறந்த அவள் மகள்
என் வழுக்கையைப் பார்த்தாள்,
ஜாக்கெட் முழுக்கச் செதிலைப் பார்த்தாள்,
உள்ளே திரும்பிக் கத்தினாள்:
‘அப்பா, லிஃப்ட் மாமா மீன் கொண்டாந்திருக்கார்!’

மறுநாள் அலுமினியத் தாளில் சுற்றி
எனக்கும் ஒரு துண்டு வந்தது.
முள் அதிகம்.

தொப்பி இப்போது இடப்பக்கம் தொய்ந்திருக்கிறது.
ஆவி காட்டினேன், வினிகர் தடவினேன்,
மழை பெய்தால் இன்னும் குளம் மணக்கிறது.
டிராமில் யாரும் டமாரம் அடிப்பதில்லை,
தள்ளி உட்கார்கிறார்கள்.
க்வெடோஸ்லாவ் மட்டும் பழக்கத்தில்
ஒருமுறை விளக்கை அணைத்தான்,
மூச்சை இழுத்தான்,
உடனே போட்டான்.

மார்ச்சில் உள்பையைத் துழாவியபோது
நகமளவு ஒரு செதில் அகப்பட்டது.
பர்ஸில் வைத்தால் பணம் சேரும் என்பார்கள் இங்கே.
வைத்திருக்கிறேன்.
இதுவரை வந்தது
டிராமில் டிக்கெட் இல்லாததற்கு ஒரு அபராதச் சீட்டு.